சாவி படம் போட்ட பிட் நோட்டீஸ்: இது இனவெறியா, இல்லையா?

நொய்யல் அச்சகம் (திருப்பூர்)

இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் வேலையை வாங்கிக்கொள்வேன். நேற்றுதான் முதல்முறையாகக் கை தயங்கியது.

மாலையில் இரண்டு பேர் வந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு நோட்டீஸ், பத்தாயிரம் பிரதி, மல்டிகலர், ஒரு பக்கம். டிசைனைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். மேல் பாதியில் திருப்பூர் ரயில் நிலைய நடைமேடை. முதுகில் பையும் கையில் பக்கெட்டுமாக இறங்கி வருகிற இளைஞர் கூட்டம். கீழ்ப் பாதியில் ஒரு வீட்டுக் கதவு, பூட்டு, சாவிக்கொத்து. நடுவில் சிவப்பில் ஒரே வரி: “உங்கள் வீட்டுச் சாவி யார் கையில்?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. நல்ல வெயிலில் எடுத்த படம் அது. தரையில் நிழல் கூர்மையாக விழுந்திருக்கிறது. ஆனால் முகங்களில் மட்டும் கறுப்பை ஏற்றி, கண்ணின் வெள்ளையை எடுப்பாக்கியிருக்கிறார்கள். தற்செயலாக நேர்ந்தது அல்ல. ஒவ்வொரு முகமாகத் தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து செய்த வேலை. எனக்கு அது தெரியும், என் தொழிலும் அதுதான்.

“இது தப்பாகப் படுகிறதே” என்றேன். “வடநாட்டான் என்று ஒரு சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் அண்ணா” என்றார் ஒருவர். காட்ட முடியவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. போகும்போது இன்னொன்றும் சொன்னார்கள்: கீழே அச்சகத்தின் பெயர் வேண்டாமாம்.

நாளை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லே இல்லாத ஒன்றை இனவெறி என்று சொல்லலாமா?

கோபி ஆசிரியர்

சொல்லலாம் தம்பி. சொல் இல்லாததுதான் அதன் சூட்சுமமே. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988இல் அமெரிக்க அதிபர் தேர்தல். மூத்த ஜார்ஜ் புஷ்ஷுக்கு எதிராக மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ். அந்த மாநிலச் சிறைகளில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற வில்லியம் ஹார்ட்டன் என்ற கறுப்பினத்தவர் 1986 ஜூனில் விடுப்பில் போனார், திரும்பவில்லை. அடுத்த ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த இளைஞரைக் கத்தியால் தாக்கி, அவருக்கு நிச்சயமான பெண்ணை வன்கொடுமை செய்தார். இவை நடந்த உண்மைகள்.

புஷ்ஷை ஆதரித்த ஒரு வெளி அமைப்பு இதை விளம்பரமாக்கியது. கறுப்பர் என்ற சொல் அதில் எங்கும் வராது. காவல்துறை எடுத்த அந்த மனிதரின் முகம் மட்டும் திரையை நிறைக்கும். தன்னை யாரும் ‘வில்லி’ என்ற சுருக்கப் பெயரில் கூப்பிட்டதே இல்லை என்று பின்னாளில் ஹார்ட்டன் சொன்னார். ஆனால் விளம்பரம் அவரை ‘வில்லி ஹார்ட்டன்’ என்றே அழைத்தது. நாடு முழுவதும் அந்தப் பெயரே நின்றது. கேபிளில் சில வாரங்கள்தான் ஓடியது. அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவை செய்தித் தொலைக்காட்சிகள். ‘சாமர்த்தியமான உத்தியா’ என்று ஆராய்வதற்காகத் திரும்பத் திரும்ப அதையே ஒளிபரப்பினார்கள்.

இதில் இனவெறி இருக்கிறது என்று அக்டோபர் பிற்பகுதியில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் வெளிப்படையாகச் சொன்னார். டாலி மெண்டல்பெர்க் என்ற அரசியல் அறிஞர் இதைப் பின்னர் ஆராய்ந்தார். மறைமுகமாக இருக்கும்வரைதான் இப்படிப்பட்ட விளம்பரம் வேலை செய்கிறது, ‘இது இனத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறது’ என்று ஒருவர் பெயர் சொல்லி எடுத்து வைத்ததும் அதன் வலு குறைகிறது என்பது அவர் முடிவு. பார்க்கிறவர் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. ஆகவே குற்றச்சாட்டை எழுப்புவது வீண் சத்தம் அல்ல.

அச்சகக்காரர் நீங்கள், இதையும் கேளுங்கள். 1994 ஜூனில் கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது காவல்துறை எடுத்த ஒரே படத்தை இரண்டு வார இதழ்கள் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் உள்ளபடியே போட்டது. டைம் கறுப்பை ஏற்றிப் போட்டது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை, நாடே கொதித்தது.

பெருந்துறை ஜாப் ஒர்க்

ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

நீங்களே சொல்கிறீர்கள், அந்த ஆள் செய்த குற்றம் உண்மை என்று. விடுப்புக் கொடுத்த அரசும் உண்மை. அப்படியிருக்க அதை மக்களிடம் சொன்னால் இனவெறியா? போன ஆண்டு என் சித்தப்பா வீட்டில் பகலிலேயே பூட்டை உடைத்து எட்டுப் பவுன் போனது. பிடிபட்ட இருவரும் வெளிமாநிலத்தவர்கள். சித்தி இன்றுவரை தனியாக வீட்டில் இருப்பதில்லை. அவர் பயத்துக்கு நாம் என்ன பெயர் வைப்பது?

இன்னொன்று. பீகார்காரனும் நாமும் வேறு வேறு இனமா? அமெரிக்காவின் கறுப்பு வெள்ளைக் கணக்கைத் தூக்கிவந்து ஈரோட்டில் வைக்கிறோம். யாராவது வாய் திறந்தாலே ‘இனவெறி’ என்று முத்திரை குத்தினால், வாடகை ஏறுவதை, கூலி இறங்குவதை எங்கே போய்ப் பேசுவது? டிவி விவாதங்களில் தினமும் இதுதான் நடக்கிறது. ஒருவர் முத்திரை குத்துகிறார், மற்றவர் மறுக்கிறார், ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கூலி பற்றிப் பேச்சே இல்லை.

கோபி ஆசிரியர்

உங்கள் சித்தியின் பயம் பயம்தான், அதற்கு வேறு பெயர் வேண்டியதில்லை. அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போய், ரயிலிலிருந்து இறங்குகிற அத்தனை பேர் முகத்திலும் பூசுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

அதே 1988இல், அதே சிறை விடுப்பைப் பற்றி டுகாகிஸிடம் முதலில் கேள்வி எழுப்பியவர் அவர் கட்சியைச் சேர்ந்த அல் கோர். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஏப்ரலில் நடந்த விவாதத்தில் கேட்டார். ஹார்ட்டன் பெயரைச் சொல்லவில்லை, முகத்தைக் காட்டவில்லை. திட்டம் தப்பு, பதில் சொல் என்றார். கேட்க முடிந்தது அல்லவா? விளம்பரம் எதை விட்டுவிட்டது என்றும் பாருங்கள். அந்த விடுப்புத் திட்டம் 1972இல் தொடங்கியது. தொடங்கிய ஆளுநர் புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர். அதைச் சொன்னால் முகத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

புஷ்ஷின் பரப்புரையை நடத்திய லீ அட்வாட்டர் 1991இல் மூளைப் புற்றுநோயால் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன்பு, டுகாகிஸைப் பற்றித் தான் கொடூரமாகப் பேசியதற்கும், ஹார்ட்டனை அவரோடு இணைத்துப் பேசியதற்கும் வருத்தம் தெரிவித்து எழுதினார். தான் இனவெறியன் அல்ல என்றும் கூடவே சொல்லிக்கொண்டார். அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தேவையில்லை. எந்த முகத்தை எந்தப் பயத்தின் பக்கத்தில் வைத்தார் என்பது போதும்.

கருங்கல்பாளையத்தான்

‘வேறு இனமா’ என்று கேட்ட பெருந்துறை அண்ணனுக்கு.

நான் ஈரோட்டில் பிறந்தவன். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா எல்லோரும் இதே ஊர். நாங்கள் அருந்ததியர். 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் நடந்தது நினைவிருக்கும். அந்தப் பரப்புரை மேடையில் ஒரு கட்சித் தலைவர் எங்கள் மக்களை, எப்போதோ துப்புரவு வேலைக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்ற பொருளில் பேசினார். வழக்குப் பதிவானது. அடுத்த வாரம் முழுக்க யூடியூபில் எங்களைப் பற்றித்தான் பேச்சு. நாங்கள் எந்த நூற்றாண்டில் எங்கிருந்து வந்தோம் என்று, எங்கள் தெருவையே பார்த்திராதவர்கள் எல்லாம் வரலாறு பேசினார்கள். எங்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா ரேஷன் கடையிலிருந்து வந்து, “நாம் எங்கிருந்து கண்ணு வந்தோம்?” என்று கேட்டார். வரிசையில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அறுபத்தொரு வயதுக்காரிக்கு ஒரு பிரசார வாரம் அந்தக் கேள்வியைக் கொடுத்தது. நான் என்ன பதில் சொல்வது?

இனம் என்பது ரத்தத்தில் இல்லை அண்ணா. உங்களை ‘வந்தவன்’ என்று சொல்ல இன்னொருவனுக்கு வாய் கிடைத்துவிட்டால், அந்த நிமிடத்தில் நீங்கள் வேறு இனம் ஆகிவிடுகிறீர்கள். அதற்கு ரயிலில் வந்திருக்கக்கூட வேண்டாம். ஆயிரம் ஆண்டாக அதே தெருவில் இருந்தாலும் போதும்.

பீளமேடு வார்ப்படம்

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எனக்கு ஃபவுண்டரி தொழில். அதனால் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்தில் இருக்கும் ஸ்மெத்விக் ஊரின் கதை எனக்கு நெருக்கமானது. நம்முடையதைப் போலவே வார்ப்பட ஊர். உலையில் நிற்க உள்ளூர் ஆள் கிடைக்காமல் பஞ்சாபிகளையும் கரீபியன் தீவுக்காரர்களையும் வேலைக்கு வைத்தார்கள். 1964 பொதுத்தேர்தலில் நாடெங்கும் தொழிற்கட்சிக் காற்று. ஆனால் அந்த ஊரில் கட்சியின் பெரும்புள்ளி பேட்ரிக் கார்டன் வாக்கர் தோற்றார். கறுப்பன் பக்கத்து வீட்டுக்காரனாக வேண்டுமானால் தொழிற்கட்சிக்குப் போடு என்று பொருள்படும் துண்டறிக்கை ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. அதில் இருந்தது அதைவிடக் கேவலமான சொல். இங்கே எழுத மாட்டேன். வென்ற வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் அதைக் கண்டிக்க மறுத்தார். நம் பஞ்சாபியும் அந்த ‘கறுப்பன்’ என்ற சொல்லுக்குள் அடக்கம். அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே போய், வீட்டை வெள்ளையருக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த மார்ஷல் தெருவில் நடந்தார். ஒன்பதாம் நாள் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அங்கே பக்கத்து வீடு, இங்கே வீட்டுச் சாவி. எங்கே குத்தினால் வலிக்கும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாவி என்றதும் இன்னொன்று. 2024 மே மாதம் ஒடிசாவில் தேர்தல். தமிழ்நாட்டில் பிறந்த வி. கே. பாண்டியன் அப்போது அங்கே முதல்வராக இருந்த நவீன் பட்நாயக்கின் வலக்கையாக இருந்தார். பூரி ஜெகந்நாதர் கோயில் பொக்கிஷ அறையின் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்களே என்று பிரதமர் மேடையில் பேசினார். தமிழர்களைத் திருடர்களாகக் காட்டுவதா என்று முதல்வர் ஸ்டாலின் கண்டித்தார். எனக்கும் ரத்தம் கொதித்தது. பெருந்துறைக்காரரே, உங்களுக்கும் கொதித்திருக்கும். அதிலும் திருடன் என்ற சொல் இல்லை, சாவி என்ற சொல்தான் இருந்தது. அன்று நமக்குப் புரிந்தது இன்று ஏன் புரியவில்லை?

என் அப்பா 1966இல் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதினார். சிவசேனை தொடங்கிய ஆண்டு அது. ‘லுங்கியை விரட்டு’ என்ற கோஷம் எழுந்ததும், நல்ல வேலைகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலைத் தாக்கரேயின் வார இதழ் அச்சிட்டதும் அந்தக் காலத்தில்தான். வேட்டி கட்டிக்கொண்டு அப்பா அதற்குப் பிறகு வெளியே போனதில்லை. கோவைக்குத் திரும்பி வந்த பிறகும் கால்சட்டைதான்.

அவிநாசிக்காரி

பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்று எல்லாத் தையல் மெஷினும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். பத்தொன்பது பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள்.

எல்லோரும் நோட்டீஸைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதே காரியத்தைச் செய்தி செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சில வேறு மாநிலங்களில் நடந்தவை, ஒன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த கொலை. வடக்கே சில ஊடகங்கள் விசாரிக்காமல் போட்டன. டிஜிபி சைலேந்திர பாபு அவை பொய் என்று சொல்லி வீடியோ வெளியிட்டார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து பார்த்துப் போனது. ஆனால் அதற்குள் என் லைனில் பதினொரு மெஷின் காலி.

ஒரு பெண் மட்டும் மதிய இடைவேளையில் மெஷின் அடியில் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து அவளுடைய அம்மா போன் செய்து, உயிரோடு இருப்பதைக் காட்டு என்று வீடியோவில் வரச் சொன்னாராம். இவள் முகத்தைக் காட்டினாள். அம்மா நம்பவில்லை. என்னைக் காட்டச் சொன்னார். நான் போனை வாங்கிக் கையசைத்தேன். எனக்கு ஒடியா தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என் நெற்றியையும் தாலியையும் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார். அதற்கு என்ன பொருள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கூலி பற்றிப் பெருந்துறை அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை யாரும் ஒதுக்க வேண்டாம். பீஸ் ரேட்டை அந்தப் பெண்ணா நிர்ணயிக்கிறாள்? அவள் விடுதியில் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள்கூட இல்லை. யார் வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறது?

பெருந்துறை ஜாப் ஒர்க்

அம்மணி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒடிசா பேச்சு எனக்கும் கொதித்தது, மறைக்கவில்லை. 2017இல் பாஜகவின் தருண் விஜய், தென்னிந்தியக் கறுப்பர்களோடு சேர்ந்துதானே வாழ்கிறோம் என்று பேசியபோதும் கொதித்தது. 2024இல் காங்கிரஸின் சாம் பிட்ரோடா, தெற்கே இருப்பவர்கள் ஆப்பிரிக்கர்களைப் போல இருக்கிறார்கள் என்றபோதும் கொதித்தது. அப்போது அதில் ஏன் கொதித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். ஆப்பிரிக்கரைப் போல இருந்தால் என்ன குறை? காதர்பேட்டையில் என்னிடம் சரக்கு எடுக்கும் நைஜீரிய வியாபாரி ஒருவர் இருக்கிறார். கொடுத்த வாக்குத் தவறாதவர். அவர் அதைக் கேட்டிருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

சித்தி வீட்டுத் திருட்டைப் பற்றி நான் பேசத்தான் செய்வேன். இரவு ரோந்து வேண்டும் என்று கேட்பேன், விடுதிகளில் தங்குவோரை முறையாகப் பதிய வேண்டும் என்றும் கேட்பேன். அதற்கு இந்தப் படம் தேவையில்லை. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். முத்திரை குத்தும் டிவிக்காரர்களைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

கோபி ஆசிரியர்

அது போதும். டிவி பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கும் உடன்பாடே.

அச்சகத் தம்பிக்கு அவசரமாக ஒன்று. ‘அச்சகப் பெயர் வேண்டாம்’ என்றார்களே, அதைப் படித்ததும் திடுக்கிட்டேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதன் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் இன்னார் என்று அவரே கையெழுத்திட்டு, அவரை நேரில் தெரிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு பிரதிகளாக நீங்கள் வாங்க வேண்டும். அச்சிட்டதும் ஒரு நோட்டீஸையும் அந்த உறுதிமொழியின் பிரதியையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

உள்ளடக்கத்துக்கும் சட்டம் இருக்கிறது. மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றின் பேரில் மக்களிடையே பகையை மூட்டினால் 123(3ஏ) படி முறைகேடு, 125 படி மூன்றாண்டு வரை சிறை. நம் சட்டத்தில் ‘இனம்’ தனியாக நிற்கவில்லை. சமூகமும் மொழியும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. பீகார்காரர் வேறு இனமா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் முறைகேடு என்று காட்டி வெற்றியை ரத்து செய்ய வேண்டுமானால், முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். வேட்பாளரோ அவர் முகவரோ செய்தது, அல்லது அவர்கள் சம்மதத்தோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். பெயரில்லாத தாளை வைத்துக்கொண்டு எப்படி நிரூபிப்பது? அதற்காகத்தான் அந்த அடிவரியை எடுக்கச் சொல்கிறார்கள்.

நொய்யல் அச்சகம் (திருப்பூர்)

காலையில் வந்தார்கள். ஐயா சொன்ன உறுதிமொழியை ஒரு தாளில் டைப் செய்து மேஜையில் வைத்திருந்தேன். கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், என் அச்சகப் பெயரும் உங்கள் பெயரும் கீழே வரும், முகங்களில் ஏற்றிய கறுப்பை எடுத்தால்தான் பிளேட் போடுவேன் என்றேன். மூத்தவர் தாளைப் படித்தார். “நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்” என்று பென் டிரைவைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.

கறுப்பை எடுத்தால் அடித்துத் தருவேன் என்ற பொருளில் பேசிவிட்டோமே என்று இப்போது உறுத்துகிறது. முகத்தை வெளுத்தாலும் அந்த வரி அதே வரிதான். முழுதாக மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கருங்கல்பாளையத்தான்

சொல்லியிருக்க வேண்டும் அண்ணா. ஆனாலும் உங்கள் இயந்திரத்தில் ஓடவில்லை. அதற்கு நன்றி.

அவிநாசிக்காரி

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். வேறு எங்கோ அடித்துவிட்டார்கள். இன்று காலை எங்கள் பெண்கள் தங்கும் விடுதியின் கேட்டில் செருகியிருந்தது. அச்சகப் பெயர் இல்லை, வெளியிட்டவர் பெயர் இல்லை. அதே படம், அதே வரி.

அன்றைக்கு மெஷின் அடியில் உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பெண்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். “இது நம் ஸ்டேஷன்தானே அக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கீழே என்ன எழுதியிருக்கிறது என்றாள். ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது, அப்புறம் சொல்கிறேன் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் சொல்லவில்லை.

நொய்யல் அச்சகம் (திருப்பூர்)

அந்தத் தாளை மடிக்காமல் வையுங்கள் அம்மணி. மதியம் கம்பெனி கேட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கப் போகிறேன், டிசைன் முதலில் என்னிடம்தான் வந்தது என்பதையும் எழுதி என் பெயரிலேயே. கோபி ஐயா, புகார் மனுவை எழுதியதும் உங்களுக்கு அனுப்புகிறேன், ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.

பெருந்துறை ஜாப் ஒர்க்

மதியம் நானும் வருகிறேன். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டியிருக்கும்.